மூன்றாம் எண் நாற்காலி

(அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர். காலை எட்டரை மணி. பொறியியல் கலந்தாய்வின் முதல் சுற்றுத் தற்காலிக ஒதுக்கீடு இன்று வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. கடைக்காரர் குமார் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்கிறார். அதற்குள் குனிந்து நுழைந்துவிட்டார் அக்கா செல்வி. அவர் மகள் கயலும் விண்ணப்பித்திருக்கிறாள்.)

செல்வி: வந்துவிட்டதா?

குமார்: ஷட்டரே இன்னும் முழுதாக மேலே வரவில்லை அக்கா.

செல்வி: நீ கம்ப்யூட்டரைப் போடு. இன்றைக்குச் சகுனம் நன்றாக இருக்கிறது. விடியற்காலையில் தென்கிழக்கு மூலையில் பல்லி கத்தியது.

குமார்: உன் வீட்டு டியூப்லைட் இருப்பதும் அந்த மூலையில்தானே? பூச்சி எங்கேயோ பல்லி அங்கே. அது தன் சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கும்.

செல்வி: சரி, பல்லியை விடு. கயலின் ரேண்டம் எண்ணைப் பார்த்தாயா? பத்து இலக்கம். ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன், 45 வந்தது. அதையும் கூட்டினால் 9. அவள் பிறந்ததும் ஒன்பதாம் தேதி!

குமார்: அந்த எண் எதற்கென்று தெரியுமா? இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப், அதாவது இருநூறுக்குப் போடும் மதிப்பெண், வந்தால் முதலில் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் இயற்பியல். அப்புறமும் வரிசையாகச் சிலவற்றைப் பார்த்துவிட்டுப் பிறந்த தேதிக்குப் போவார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் பிரிக்க முடியாவிட்டால்தான் ரேண்டம் எண். அதுவரைக்கும் ஒட்டிக்கொண்டே வருகிறவர்கள் இரட்டைப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

செல்வி: (சற்று யோசித்து) ஆகக்கூடி, ஒன்பதாம் தேதி உதவும் என்கிறாய்.

குமார்: (ஷட்டரை ஒரே தள்ளாகத் தள்ளுகிறார்.)

செல்வி: இதைக் கேள். நேற்று ஒரு கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். ‘உங்கள் மகளுக்கு இடம் தயார், வந்து சேர வேண்டியதுதான்’ என்றார்கள். கயலை ‘மேடம்’ என்றார்கள் தம்பி. பெற்றவள் நானே அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இது அறிகுறி இல்லையா?

குமார்: எனக்கும் அழைப்பு வந்தது.

செல்வி: உனக்கா?

குமார்: போன் இல்லாத பிள்ளைகளின் விண்ணப்பத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். எனக்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறேன் என்றார்கள். நான் பிளஸ் டூ எழுதியது 2009-இல் என்றேன். ‘பரவாயில்லை சார், விடுதிக் கட்டணத்தில் சலுகை உண்டு’ என்றார்கள்.

செல்வி: விண்ணப்பத்தில் ‘சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட்டன’ என்று வந்ததே. அதுவாவது உண்மைதானே?

குமார்: உண்மைதான். சான்றிதழ்கள் சரி என்று அர்த்தம். இடம் கிடைத்தது என்று அர்த்தமில்லை. பந்திக்கு முன்னால் இலையைக் கழுவி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அக்கா, நிதானமாகக் கேள். கயலுக்குக் கணக்கில் 96. இயற்பியலில் 94, அதில் பாதி 47. வேதியியலில் 92, பாதி 46. ஆக, இருநூறுக்கு 189. நல்ல மதிப்பெண். ஆனால் நீ விருப்பப் பட்டியலில் முதலிடத்தில் எதைப் போடச் சொன்னாய்?

செல்வி: கிண்டி பொறியியல் கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏன், போட்டால் தனியாகக் காசு கேட்கிறார்களா?

குமார்: அதற்கு இருநூறைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்.

செல்வி: அந்தக் கல்லூரியின் குறியீட்டு எண் 1 தம்பி. ஒன்றை ஒன்றாம் இடத்தில்தானே போட வேண்டும்? நீ எதை வைத்து இல்லை என்கிறாய்?

குமார்: (ஒரு தாள்கட்டை எடுக்கிறார். நான்கு நிற மையில் கோடு போட்டிருக்கிறது.) இதை வைத்து. போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்று எல்லாம் இதில் இருக்கிறது.

செல்வி: அந்தக் கட்-ஆஃப் இந்த வருடம் மாறாதா?

குமார்: மாறும். கேள்வித்தாள் எளிதாக இருந்தால் ஏறும், இடங்கள் கூடினால் இறங்கும்...

செல்வி: அப்படியென்றால் இதுவும் பல்லிதான். போன வருடத்துப் பல்லி.

(குமார் தாள்கட்டைப் பார்க்கிறார். பிறகு அக்காவைப் பார்க்கிறார். தாள்கட்டை மேசைக்கு அடியில் வைக்கிறார்.)

குமார்: அப்பாவுக்கு அப்படியே பிறந்திருக்கிறாய். என்னைக் கலந்தாய்வுக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? அப்போது நேரில்தான் போக வேண்டும். 2018-இல்தானே எல்லாம் இணையத்துக்கு வந்தது. ராத்திரி பஸ்ஸில் ஏறும்போது பால்காரர் எதிரே வந்தார் என்று சென்னை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போயின. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் மட்டும், ‘பால்காரர் வந்தார்டா’ என்றார்.

செல்வி: இடம் கிடைத்ததா இல்லையா?

குமார்: கிடைத்தது. மெக்கானிக்கல். அந்தப் பட்டத்தை வைத்துத்தான் இப்போது ஒரு பக்கத்துக்கு மூன்று ரூபாய் வாங்கிப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

செல்வி: பால்காரர் இடத்துக்குத்தான் பொறுப்பு. வேலைக்கு இல்லை. (முன்னால் கிடக்கும் நாற்காலியில் உட்காரப் போகிறார்.)

குமார்: (பதறி) அக்கா! அதில் வேண்டாம். இங்கே வா. (மூன்றாம் எண் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போடுகிறார்.)

செல்வி: ஏன், அது உடைந்திருக்கிறதா?

குமார்: இல்லை... இதில் காற்று வரும்.

செல்வி: மின்விசிறி அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது?

குமார்: (குரலைத் தாழ்த்தி) போன வருடம் இதில் உட்கார்ந்து பார்த்த பெண்ணுக்குக் கிண்டி கிடைத்தது. அதற்கு முந்தின வருடம் ஒரு பையனுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. நீ உட்காரப் போனாயே, அதில் யார் உட்கார்ந்தாலும் சர்வர் திறப்பதே இல்லை.

(செல்வி ஒன்றும் சொல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாம் எண் நாற்காலியில் அமர்கிறார். பத்து மணி. பக்கம் சுற்றுகிறது. பத்தே கால். சுற்றிக்கொண்டே இருக்கிறது. செல்வியின் போன் அடிக்கிறது.)

செல்வி: கயல்! என்ன? வந்துவிட்டதா? (எழுந்துவிடுகிறார். குமார் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைக்கிறார்.) தம்பி, மதுரையாம்! இ.சி.இ.யாம்! பட்டியலில் பதினான்காவதாகப் போட்டதாம்!

குமார்: 189-க்கு நல்ல இடம்தான் அக்கா! இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

செல்வி: இதை ஏற்றுக்கொண்டு, இதற்கு மேலே இருக்கும் பதின்மூன்றில் ஏதாவது காலியானால் மாறிக்கொள்கிறேன் என்றும் கொடுக்கலாமாமே? அப்படித்தான் கொடுக்கப் போகிறாளாம்.

குமார்: கொடுக்கலாம். கட்டணத்தைக் கட்டிவிட்டு மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

செல்வி: அதற்கென்ன, பல்லி வீட்டில்தானே இருக்கிறது. (திடீரென்று நின்று) கயல், இரு. நீ எங்கே உட்கார்ந்து பார்த்தாய்? போனிலா? மாடிப்படியிலா?

(இருவரும் மூன்றாம் எண் நாற்காலியைப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டரில் பக்கம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.)

குமார்: (பேனாவைத் தேடியபடி) எத்தனையாவது படி என்று கேள் அக்கா.