ஒற்றைச் சிறுநீரகம் என்றால் டயாலிசிஸ் என்று பொருளல்ல

"புற்றுநோய்க்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்தால் செயல்பாடு பாதியாகிவிடும், சில வருடங்களில் டயாலிசிஸ் நிச்சயம்" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். இது தவறு. அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர் இதைப் படித்தால் என்ன ஆவார்?

மீதமுள்ள சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. அதன் வடிகட்டிகள் கூடுதல் இரத்தத்தை ஏற்றுக்கொள்கின்றன. சிறுநீரகமே சற்றுப் பெரிதாகிறது. அது நல்ல நிலையில் இருந்தால், மொத்தச் செயல்பாடு பெரும்பாலும் முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி நிலைபெறும்.

என் அண்ணனுக்கு 58 வயதில் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், இரத்தத்தில் 0.9இலிருந்து 1.4 ஆனது. அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்த அந்த எண்ணைப் பார்த்து அண்ணிக்குக் கை நடுங்கியது. பிறகு அது 1.3இல் நின்றுவிட்டது. அறுவைக்குப் பிந்தைய உயர்வு எதிர்பார்க்கப்படுவதுதான். அதன்பின் தொடர்ந்து ஏறுகிறதா என்பதே கேள்வி. கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் வீதம் (eGFR), அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்ற அளவு, 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று குறிப்பார்கள். டயாலிசிஸ் பற்றிய பேச்சு பொதுவாக 15க்குக் கீழே போகும்போதுதான் வரும்.

அதற்காக, கவலையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து உண்மையிலேயே அதிகம். இரத்தப் பரிசோதனையோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

இன்னொன்று: கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பல நேரங்களில் கட்டியை மட்டும் நீக்கிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். அறுவைக்கு முன்பே இதைக் கேளுங்கள்.