‘அமெரிக்க நூலகங்களில் சிறுவர்களுக்கு ஆபாசப் புத்தகம்’: பரவும் பதிவில் எது தவறு?

“அமெரிக்க நூலகச் சங்கத்தின் உத்தரவால், பொது நூலகங்கள் சிறுவர்களுக்கு ஆபாசப் புத்தகம் கொடுத்தே ஆக வேண்டும், தடுக்கச் சட்டமே இல்லை” என்று ஒரு பதிவு பரவுகிறது. இரண்டுமே தவறு.

அந்தச் சங்கம் அரசு அமைப்பே அல்ல. வயதைக் காரணம் காட்டி வாசகரைத் தடுக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. எந்த நூலகத்தையும் அது கட்டுப்படுத்தாது. விதிகளை வகுப்பது உள்ளூர் நூலக வாரியம்தான்.

சட்டமும் இருக்கிறது. சிறார்களுக்கு ஆபாசமானவற்றை அவர்களுக்கு விற்பதை மாநிலங்கள் தடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-இலேயே தீர்ப்பளித்தது. ஆனால் 1973 தீர்ப்பின்படி, ஆபாசமா என்பதை நூலை முழுமையாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கத்தைப் படமெடுத்துப் பரப்பினால் போதாது. பல புகார்கள் சறுக்குவது இங்கேதான்.

ஐடஹோ மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல், எழுத்துப்பூர்வப் புகார் வந்த 60 நாட்களுக்குள், சிறார்களுக்குத் தீங்கானதாகக் கருதப்படும் நூலைப் பெரியவர் பகுதிக்கு நூலகம் மாற்றாவிட்டால் பெற்றோர் வழக்குத் தொடரலாம்.

இன்னொன்று: அலமாரியை மாற்றினால் மட்டும் இரவல் நிற்காது. இரவலைப் பதியும் நூலகக் கணினி பார்ப்பது அலமாரியை அல்ல, உறுப்பினர் அட்டையின் வகையை. பல நூலகங்களில் சிறுவர் அட்டைக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சில நூல்களை மட்டும் இரவல் தரும் கட்டுப்படுத்தப்பட்ட அட்டை உண்டா என்பதை அப்போதே கேட்டுவிடலாம்.