சரிவுக் கூரைக்குத் தரைக் கணக்கு போதாது

'தரையின் நீள அகலத்தைப் பெருக்கி அதே அளவுக்கு ஷீட் வாங்கினால் போதும், கூரை மேல் ஏறி அளக்கவே வேண்டாம்' என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. சரிவுக் கூரைக்கு இது தவறு. சுவரிலிருந்து முகட்டுக்குக் கிடையாக 12 அடி, சுவரின் மேல்மட்டத்திலிருந்து முகட்டின் உயரம் 9 அடி என்றால் சரிவின் நீளம் 15 அடி. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான், நீங்களே போட்டுப் பாருங்கள். தரைக் கணக்கைவிட 25 சதவீதம் கூடுதல், இதில் சுவரைத் தாண்டி நீளும் இறவாரத்தைச் சேர்க்கவே இல்லை. அப்புறம், ஷீட்டின் முழு அகலமும் கூரையை மூடாது, பக்கத்து ஷீட் மேல் ஏறும் பகுதி கழிந்துவிடும். மூடும் அகலம் எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும், எத்தனை ஷீட் என்று தெரிய, முகட்டை ஒட்டிய கூரையின் நீளத்தை அதால்தான் வகுக்க வேண்டும். ஏறாமல் அளக்கலாம் என்பது மட்டும் சரி, கிடை நீளத்தையும் உயரத்தையும் கீழிருந்தே எடுத்துவிடலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், குழுவில் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.