சிவப்பு வட்டம் போட்ட அந்தப் படம்

நேற்று ராத்திரி நம் டாலஸ் தமிழர் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் ஸ்க்ரீன்ஷாட் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், தர மாட்டேன்.

வீடு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று கேட்டார். என் மகள் படிக்கிற பள்ளியைச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் அந்தப் பள்ளியின் இன விவரப் படம் வந்து விழுந்தது. வெள்ளையர் இத்தனை, கறுப்பர் இத்தனை, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) இத்தனை, ஆசியர் இத்தனை. அதில் கறுப்பர், ஹிஸ்பானிக் என்ற இரண்டு துண்டுகளைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: "கொஞ்சம் டைவர்சிட்டி அதிகம் அக்கா."

குழம்பில் உப்பு அதிகம் என்பது போல.

நேராகவே சொல்கிறேன். நாம் "நல்ல பள்ளி" என்று சொல்லும்போது பாதி நேரம் பாடத்தைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் தோலைச் சொல்கிறோம்.

"இல்லக்கா, ரேட்டிங்தான் பார்க்கிறோம்" என்பீர்கள். சரி. இணையத்தில் பள்ளிக்குப் பத்துக்கு நாலு என்று போட்டிருக்கிற அந்த எண்ணில் பெரிய பங்கு தேர்வு மதிப்பெண். மதிப்பெண் வீட்டு வருமானத்தின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கும். பள்ளிக்கு வரும் பணத்திலும் ஒரு பெரிய பங்கு அந்தப் பகுதியின் வீட்டு வரி. இது அநியாயம் என்று நம்ம டெக்சாஸில், சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதியின் மெக்சிக வம்சாவளிப் பெற்றோர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-இல் 5-க்கு 4 என்று தோற்றார்கள். அந்த ரேட்டிங் எண்ணைக் காட்டித்தான் "அவர்கள் படிக்க மாட்டார்கள்" என்கிறோம்.

இதில் ஒரு அண்ணன், இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளைகளின் சதவீதத்தை வேறு எடுத்துப் போட்டார், எச்சரிக்கை மாதிரி. ஜூலை 15 வந்தால் காமராஜர் படத்தை முதலில் பகிர்கிறவர் அவர்தான். அண்ணா, நான் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவள். தட்டைக் கையில் பிடித்து வரிசையில் நின்றவள். என் பக்கத்தில் உட்கார்ந்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. முதல் வீடு வாங்கும்போது நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒன்பது ரேட்டிங் பள்ளி, வகுப்பில் இந்தியப் பிள்ளைகள் இரண்டே பேர். வருடக் கடைசியில் ரிப்போர்ட் கார்டு வந்தது. "அமைதியான குழந்தை, இன்னும் கொஞ்சம் பேசலாம்" என்று எழுதியிருந்தது. என் மகளா? தூக்கத்திலும் பேசுகிறவள்! மூன்றாவது வரியில் பார்த்தால் இன்னொரு பிள்ளையின் பெயர். ஒரு வருடம் முழுக்க அந்த ஆசிரியைக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

இப்போதைய பள்ளியில் முதல் மாதமே ஃபோன் வந்தது. "உங்கள் மகள் வகுப்பில் ரொம்பப் பேசுகிறாள்." வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

குறையே இல்லையா? இருக்கிறது. கணக்கு ஆசிரியர் பாதி வருடத்தில் வேலையை விட்டுப் போனார், மூன்று மாதம் மாற்று ஆள்தான். பின்னம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் நானே சொல்லிக்கொடுத்தேன். அது நிஜமான குறை, அதைக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். "பாதுகாப்பு" என்று இழுக்காதீர்கள். அந்தப் பள்ளி வாசலை மிதிக்காமலே வட்டம் போட்டவர்கள் நீங்கள்.

அப்புறம் நம்ம ஆட்கள் நிறைந்த பள்ளிக்கும் குழுவில் ஒரு வட்டம் விழுந்தது, கவனித்தீர்களா? "காம்பெடிஷன் தாங்காது." வெள்ளையர் மட்டும் போதும், நம்மவர் அளவாக, மற்றவர் கண்ணில் படாமல். அளவை யார் முடிவு செய்வது? மிசிசிப்பியில் ரோஸ்டேல் என்ற ஊரில் மார்த்தா லம் என்று ஒரு சிறுமி, மளிகைக் கடை வைத்திருந்த சீனர் மகள். வெள்ளையர் பள்ளியில் சேர்ந்தவளை நீ வெள்ளை இல்லை என்று அனுப்பினார்கள். 1927-இல் உச்ச நீதிமன்றமும் அதுவே சரி என்றது. அவள் அப்பாவின் வழக்கு பிரிவினையே தப்பு என்பதல்ல, என் மகளைக் கறுப்பர் பக்கம் சேர்க்காதீர்கள் என்பதுதான். அன்றைக்கு நாம் இங்கே இருந்திருந்தால் நம்மைச் சுற்றியும் வட்டம்தான் தம்பி. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்புக்கு வழக்குப் போட்டு அந்த வட்டத்தை அழித்தவர்கள், நீங்கள் நேற்று வட்டம் போட்டீர்களே, அந்தக் கறுப்பர்களுடைய தாத்தா பாட்டிகள்.

இவ்வளவும் கூடப் பொறுத்திருப்பேன். கடைசியில் ஒருவர், "பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்யாதீங்க" என்று எழுதினார். என் வீட்டில் சாப்பிட்டவர். என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டவர். அதற்குப் பதினோரு கட்டைவிரல்கள், எண்ணினேன். காலையில் பார்த்தால் பதிவே இல்லை, அழித்திருக்கிறார். மன்னிப்பும் இல்லை.

குழுவை விட்டு நான் வெளியேறவில்லை. சனிக்கிழமை பாட்லக்குக்குச் சாம்பார் சாதம் என் பொறுப்பு, கொண்டு வருவேன். மகளும் வருவாள். அவளோடு படிக்கிற இரண்டு தோழிகளையும் கூட்டி வருகிறேன், வட்டத்துக்குள் இருக்கிறவர்கள்தான்.