எதை வைத்துப் பிரித்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

கொலம்பிய, ஈக்வடார் மழைக்காடுகளின் புதர் வெட்டுக்கிளிகளுக்கு 2014-இல் ‘சூப்பர்சோனஸ்’ என்று புதுப் பேரினமே அமைத்ததைப் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் அவற்றின் பாட்டு 150 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை எட்டும் சாதனையோடு நிறுத்திவிட்டது எனக்குப் போதவில்லை. மனிதக் காது 20-ஐத் தாண்டாது, சரி. அந்தச் சத்தம் எப்படி வருகிறது? இடது முன்சிறகின் அடியில் அரம் போலப் பல்வரிசை இருக்கும். வலது சிறகின் விளிம்பு அதில் உரச, அதே சிறகிலுள்ள மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். இத்தனைக்கும் இவற்றின் சிறகுகள் மிகக் குட்டையானவை! கேட்கும் காதோ முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

வகைப்பாட்டில் இந்த விவரங்கள்தான் முக்கியம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பூச்சிகளைப் பல்வரிசை, ஆணின் வால்முனை உறுப்புகள், பாட்டின் அதிர்வெண் ஆகியவற்றை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இந்தப் பேரினத்தில் மூன்று சிற்றினங்கள். மூன்றும் பாடுவது கேளா ஒலியில்தான். சாதாரண ரெக்கார்டரில் எதுவும் பதியாது, அதற்கென்றே தனி மைக் வேண்டும். அதனால், அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைக்கும் மாதிரியோடு அதன் ஒலிப்பதிவையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அடுத்த கட்டுரையில் சிறகின் நுண்படம் ஒன்றாவது போடுங்கள்.