வளைகிற உடம்புக்குத்தான் வலு வேண்டும்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். தண்டால் எடுக்கும் பெண்ணின் முழங்கை பின்பக்கமாக வளைந்து நிற்கிறது. பயிற்சியாளரோ "உனக்கு ரப்பர் உடம்பு, வெயிட்டெல்லாம் வேண்டாம், ஸ்ட்ரெச்சிங் போதும்" என்று தட்டிக்கொடுக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

மூட்டு அளவுக்கு மீறி வளைவது வலு அல்ல. மூட்டு இப்படி வளையும் எங்களைப் போன்றவர்களுக்கு அதைக் கட்டிப் பிடிக்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கின்றன. அவை விட்டதைத் தசைதான் பிடித்தாக வேண்டும். அந்தத் தசையை வளர்க்காமல், தளர்ந்ததையே மேலும் இழுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பள்ளியில் என் கட்டைவிரலை முன்கையில் தொடவைத்து எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். 27 வயதில், பரணிலிருந்து அண்டாவை இறக்கும்போது தோள்மூட்டு நழுவியது. அதன் பிறகுதான், மூட்டுகள் எவ்வளவு வளைகின்றன என்று மதிப்பிடும் பெய்ட்டன் அளவுகோலில் 9-க்கு 8 என்றும், உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற மரபணுக் கோளாறு என்றும் ஒரு மருத்துவர் சொன்னார். முதல் இரண்டு வாரங்கள் பிசியோதெரபிஸ்ட் எனக்கு முழங்கால் பின்பக்கமாக வளையாமல் நிற்க மட்டுமே கற்றுக்கொடுத்தார். முழங்காலுக்குப் பின்னால் தன் விரலை வைத்து, "என் விரலை நசுக்காமல் நில்லுங்கள்" என்பார். இன்றும் ரேஷன் கடை வரிசையில் அந்த விரல் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

யோகாவைப் பழிக்கிறேன் என்று சிலர் வருவார்கள். பழிக்கவில்லை, மூட்டின் கடைசி எல்லைவரை போய்த் தொங்காதீர்கள் என்கிறேன். வளைகிறவர்கள் எல்லோரும் நோயாளிகளா என்றால், இல்லை, வலியில்லாதவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். எடை தூக்கினால் மூட்டு கழன்றுவிடும் என்பவர்களுக்குத்தான் என் பதில்: டென்மார்க்கில் தளர்ந்த தோள்மூட்டு உடைய 100 பேரை வைத்து 16 வாரம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. லேசான பயிற்சி செய்தவர்களைவிட, மேற்பார்வையுடன் படிப்படியாகக் கனமான எடை தூக்கியவர்களுக்கே தோளின் செயல்பாடு கூடுதலாக மேம்பட்டது. தசைவலியும் தலைவலியும் அவர்களுக்கு அதிகமாக வந்து போயின. பெரிய பாதிப்பு எதுவும் நேரவில்லை.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே, வேலை செய்யச் சோம்பல்" என்று என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! வளைந்தபோது கைதட்டியவர்களும் வலித்தபோது நம்பாதவர்களும் ஒரே ஆட்கள்தான். அந்தக் காணொளியின் கடைசி நொடிகளில் அவள் திரும்பி நின்று முழங்கையைத் தேய்த்துக்கொள்கிறாள். பகிர்ந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லையா?