‘ஒண்ணுமில்ல, விடுங்க’

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் ஓடுகிற, காது கேளாத டிசைனர் ஒருவரின் அப்ரைசல் (வேலை மதிப்பீடு) ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றித்தான். நிறுவனத்தின் பெயரைக் கமென்டில் யாரும் போட வேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். வேலைத் தரத்துக்கு ஐந்துக்கு நாலரை. அதற்குக் கீழே மேனேஜர் எழுதிய குறிப்பு: ‘குழுவோடு ஒட்டுவதில்லை. எமோஷனல் இன்டெலிஜென்ஸை வளர்த்துக்கொள்ள வேண்டும்.’

ஒட்டுவதில்லையாம். தபால்தலையா அவர்?

இந்த எமோஷனல் இன்டெலிஜென்ஸை, அதாவது உணர்வு நுண்ணறிவை, யாரிடம் கேட்க வேண்டும்? அலுவலகக் கூட்டத்தை நடத்துகிறவரிடம். அதில் உட்கார்ந்து தவிக்கிறவரிடம் இல்லை. 1990-இல் உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதியபோது, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பதில்தான் தொடங்கினார்கள். கவனிப்பது முதலில், மற்றதெல்லாம் பிறகு. நம் எச்.ஆர். அகராதியில் அது ‘முகம் சுளிக்காமல் இரு’ என்று சுருங்கிவிட்டது.

இந்த வாராந்தர ஆன்லைன் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களா நாம்? எட்டுப் பேரில் ஆறு பேர் கேமராவை அணைத்திருப்பார்கள். பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டும் கேப்ஷன் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு பாதித் தமிழில் ஓடும். ‘அந்த ஃபைல அனுப்பிட்டீங்களா’ என்பதை மென்பொருள் ஆங்கிலமாகக் கேட்டு ஏதோ ஒரு உளறலை எழுதும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அந்த உளறலும் நின்றுவிடும். நடுவில் யாரோ ஜோக் அடிக்க எல்லோரும் சிரிப்பார்கள். ‘என்ன?’ என்று அந்த டிசைனர் சாட்டில் கேட்டால் பதில் வரும்: ‘ஒண்ணுமில்ல, விடுங்க.’ நான்கு வாரம் இதைக் கேட்டவர் ஐந்தாவது வாரம் கேட்பதை விட்டுவிடுவார். அதற்குப் பெயர்தான் ‘ஒட்டுவதில்லை’.

‘உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாரே’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘படம்’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘மடம்’. அப்புறம் பல்லி, மல்லி. பாலை, மாலை. உதட்டில் ஒரு வித்தியாசமும் இருக்காது. க, ங எல்லாம் தொண்டைப் பக்கம் பிறப்பவை, வெளியே தெரியவே தெரியாது. மிச்சத்தை ஊகிக்க வேண்டும், ஊகிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். பேசுகிறவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகமே இருட்டு. வாய்க்கு முன்னால் காபிக் கோப்பை வந்தால் அதோடு முடிந்தது. காதுக் கருவி மூக்குக் கண்ணாடி மாதிரி போட்டவுடன் சரியாகிவிடும் சமாச்சாரமும் இல்லை. பேச்சோடு ஏசி இரைச்சலையும் கீபோர்டு சத்தத்தையும் சேர்த்தே ஏற்றிக் கொடுக்கும். ஒரு மணி நேரம் இப்படிக் கவனித்தால் யார் முகமும் வாடும். அந்த வாட்டத்தைப் பார்த்துத்தான் ‘ஆட்டிட்யூட் சரியில்லை’ என்று மார்க் போடுகிறார்கள்.

செய்ய வேண்டியதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை. என்ன பேசப் போகிறோம் என்பதை முந்தின நாளே அனுப்புங்கள், ப்ராஜெக்ட் பெயர்களும் சுருக்கப் பெயர்களும் உட்பட. முன்பே தெரிந்த சொல்லை உதட்டில் பிடிப்பது எளிது. பேசுகிறவர் கேமராவைப் போடட்டும், வெளிச்சம் முகத்தில் விழட்டும். கை தூக்கி, பெயரைச் சொல்லி, ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். கேப்ஷனை நம்பித்தான் நடத்துகிறீர்கள் என்றால் அது எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள். முடியாதா, முடிவுகளை ஒருவர் சாட்டில் தட்டச்சு செய்யட்டும். அந்த வேலை வாரம் ஒருவருக்கு மாறட்டும். தயவுசெய்து கேளாதவர் தலையிலேயே கட்டாதீர்கள், எழுதக் குனிந்தால் அவர் எந்த முகத்தைப் பார்ப்பது?

சைகை மொழிபெயர்ப்பாளர் நீண்ட கூட்டத்துக்கு ஒருவர் போதாது. இரண்டு பேர் வேண்டும், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் களைப்பில் தவறு வரும். பேசும்போது கேளாதவரைப் பார்த்துப் பேசுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பி ‘அவர்கிட்ட சொல்லுங்க’ என்பது, ஆளை வைத்துக்கொண்டே இல்லாதவராக்குவது. கேளாதவர் எல்லோருக்கும் சைகை மொழி தெரியும் என்றும் நினைக்காதீர்கள். தனியாக, கூட்டத்துக்கு முன்பே, ‘எப்படி நடத்தினால் உங்களுக்கு வசதி?’ என்று கேளுங்கள். ‘உங்களுக்கு என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை சார்’ என்றுதான் பதில் வரும்.

‘மேனேஜர் வேண்டுமென்றா செய்தார்? அவருக்கும் டெட்லைன் இருக்கிறதே’ என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவருக்கு மேலே இருப்பவர் அவரையும் இப்படித்தான் பிழிந்திருப்பார். ஆனால் அப்ரைசல் அவசரத்தில் எழுதுவது இல்லையே! ‘ஒட்டுவதில்லை’ என்பது குணத்தின் மேல் போடுகிற முத்திரை. எந்தத் தேதி, எந்தக் கூட்டம், என்ன நடந்தது, அதனால் எந்த வேலை தடைப்பட்டது என்று எழுதச் சொன்னால், எழுத உட்கார்ந்த பாதியிலேயே மேனேஜருக்குத் தெரிந்திருக்கும் தவறு எங்கே என்று.

‘அவரே கேட்டிருக்கலாமே?’ கேட்டார் ஐயா. ‘என்ன?’ என்று சாட்டில் கேட்டார். அதே ஸ்கிரீன்ஷாட் தொடரில் மூன்றாவது படம், பாருங்கள்.

‘இப்படியெல்லாம் பேசினால் இனி யாரும் வேலைக்கே எடுக்க மாட்டார்கள்.’ இது மிரட்டல், இதற்குச் சட்டம்தான் பதில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. சம வாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனமும் வெளியிட வேண்டும் என்கிறது அதன் 21-ஆவது பிரிவு. இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாற்றுத்திறனாளி ஊழியர்களின் வசதிகளைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் ஒருவரையும் அதில் காட்ட வேண்டும் என்கின்றன 2017 விதிகள். உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று தெரியுமா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

தையல் ஆலைகளில் மெஷின் சத்தத்தில் எல்லோருமே பாதி கேளாதவர்கள்தான். அங்கே கையைத் தூக்கினாலே ஆள் வருவார், எதிரே வந்து நின்றுதான் பேசுவார். யாரும் அதற்குப் பயிலரங்கம் நடத்தவில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் எதிரே வந்து நிற்க வலிக்கிறது. செப்டம்பர் 23 சைகை மொழி நாளுக்கு நீலக் கை படம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளுக்குக் கேக். அந்தக் கேக்கை வெட்டும்போது என்ன பேசினார்கள் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா?

இப்போது அதே நிறுவனம் பிரச்சினையைத் தீர்க்கக் கிளம்பியிருக்கிறது. அடுத்த வெள்ளி, ஹோட்டல் அரங்கில், மூன்று மணி நேர எமோஷனல் இன்டெலிஜென்ஸ் பயிலரங்கமாம். விளக்கை அணைத்து ஸ்லைடு போடுவார்கள், பேச்சாளர் இருட்டில் நடந்துகொண்டே பேசுவார். பதிவுப் படிவமும் வெளியே வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, கேப்ஷன் வேண்டுமா என்று எங்கும் இல்லை. சைவமா அசைவமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.